லைஸ்பெத் பாத்தி

லைஸ்பெத் முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படித்தது தன் பெயரைத்தான். தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த கல்லறைத் தோட்டத்தில், முழங்கால் உயரத்துக்கு நின்ற ஒரு கல்லில் அது வெட்டப்பட்டிருந்தது. அப்போது அவளுக்கு ஆறு வயது. கடல்காற்றில் அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், ஒவ்வோர் எழுத்தாக உதட்டை அசைத்துப் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, இது நானா?"

"இல்ல. அது அக்கா."

"அப்ப ஏன் எம் பேரு போட்டிருக்கு?"

அம்மா குனிந்து கல்லின் மேல் ஒட்டியிருந்த சருகைத் தள்ளிவிட்டாள். "முதல்ல அது அவ பேரு," என்றாள்.

அந்த மணற்குன்றோரத்து ஊர்களில் அது அதிசயமில்லை. பிள்ளை செத்துப்போனால் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அதே பெயரை வைப்பார்கள். பெயர் குடும்பத்துச் சொத்து. அப்பாவைப் பெற்றவளிடமிருந்து வந்த பெயர் ஒரு குழந்தையோடு குழிக்குள் போய்விடக் கூடாது. வீட்டுக்கு வீடு இப்படி ஒருவர் இருந்தார்கள். மற்ற வீடுகளில் உயிரோடிருக்கும் பிள்ளை அந்தப் பெயரை ஓடி விளையாடிக் கிழித்து அழுக்காக்கி, சில வருஷத்தில் தன்னுடையதாக்கிக்கொண்டுவிடும். லைஸ்பெத்தின் வீட்டில் அது நடக்கவில்லை. காரணம், அந்த வீட்டில் மூன்றாவதாக ஒரு லைஸ்பெத் இருந்தாள். அவள் வருஷாவருஷம் ஏப்ரல் கடைசியில் பூத்தாள்.

அப்பா ஹைபெர்ட்டுக்கு லிஸ்ஸெ ஊருக்கு மேற்கே, குன்றுகளின் நிழல் விழும் தூரத்தில் கொஞ்சம் மணல் நிலம். துலிப் பூ போடுவார், ஹையசிந்த் பூ போடுவார். விதை போட்டுப் புது வகை எடுக்கும் பைத்தியமும் உண்டு. துலிப்பை விதையிலிருந்து வளர்த்தால் முதல் பூவைப் பார்க்க ஆறேழு வருஷம் ஆகும். பார்த்தபின் அநேகமாக எல்லாவற்றையும் குப்பையில் போடவேண்டியிருக்கும். அப்படிக் குப்பைக்குப் போகாமல் தப்பியது ஒன்றே ஒன்று. பனியில் நடந்துவந்த குழந்தையின் கன்னத்து நிறம். முதல் லைஸ்பெத் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நகரமாட்டேன் என்றாளாம். "சரி, உம் பேரையே வெச்சிடறேன், எழுந்திரு," என்றாராம் அப்பா. அது பெரிய போர் முடியப்போகிற வருஷம். இலையுதிர்காலத்தில் விஷக்காய்ச்சல் வந்தது. துலிப் கிழங்குகளை மண்ணில் போட்டுக்கொண்டிருந்த நாட்களில் அந்தக் குழந்தையையும் மண்ணில் வைத்தார்கள்.

நவம்பர் தொடக்கத்தில், கல்லறைத் திருநாளன்று அம்மா குழிக்குப் போனவள், திரும்பும்போது வீட்டுக்கு வராமல் நேரே தோட்டத்துக்குப் போனாள். கல்லறை மண் ஒட்டிய மரச்செருப்போடு மண்டியிட்டு, அந்தப் புது வகையின் கிழங்கையும் அதிலிருந்து பிரிந்த பொடிக் கிழங்குகளையும் தானே நட்டாள். மறுவருஷம் அதே பருவத்தில் இரண்டாவது லைஸ்பெத் பிறந்தாள்.

அன்றிலிருந்து அது வீட்டு வழக்கமாகிவிட்டது. மற்ற வகைகளெல்லாம் அக்டோபரில் மண்ணுக்குள் போய்விடும். லைஸ்பெத் பாத்தி மட்டும் திருநாள்வரை காத்திருக்கும். கல்லறையிலிருந்து வந்ததும் முதல் கிழங்கை அம்மா வைப்பாள். வைத்ததும் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விடுவாள். மீதியை மற்றவர்கள் வைக்கவேண்டும்.

துலிப் போடுகிற எல்லாருக்கும் இரண்டு விஷயம் தெரியும். விதையிலிருந்து வந்தால்தான் அது வேறு செடி. கிழங்கின் பக்கத்தில் குட்டி விட்டுப் பிரிந்தது வேறில்லை, அதே செடிதான். பாத்தி நிறைய ஆயிரம் பூ நின்றாலும் நிற்பது ஒருத்திதான், அந்தக் குழந்தை குத்துக்காலிட்டுப் பார்த்த அதே ஒருத்தி. இன்னொன்று, கோடையில் தோண்டியெடுத்த கிழங்கு காத்திருக்காது. பனி இறுகுமுன் மண்ணுக்குள் போகாவிட்டால் வசந்தத்தில் அது உள்ளே ஒன்றுமில்லாத வெறும் தோல். ஆக, ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் அவள் இருப்பதா வேண்டாமா என்பது புதிதாக முடிவாக வேண்டியிருந்தது. ஊரில் மற்றவர்களுக்கு இது தொழில். அம்மாவுக்கு இது வேறு.

பள்ளிக்கூடத்தில் பையன்கள் பாடுவார்கள்: "மூணு லைஸ்பெத், மூணு லைஸ்பெத்! ஒண்ணு மண்ணுக்குள்ள, ஒண்ணு மண்ணுக்கு மேல, ஒண்ணு பாதி உள்ள பாதி வெளிய!" அண்ணன் வௌட்டர் அவர்களை அடிக்க ஓடுவான். ஆனால் அவனும் அவளை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'லைஸ்' என்பதோடு நிறுத்திக்கொள்வான். முழுப்பெயர்க்காரியோடு அவன் விளையாடியிருக்கிறான்.

வயது வந்தபின் ஹில்லெகொம் ஊர்க்காரன் ஒருவன் சில ஞாயிற்றுக்கிழமைகள் சைக்கிளில் வந்துபோனான். நல்லவன், சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். ஒருநாள் கல்லறைத் தோட்டம் வழியாக நடக்கும்போது அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு, "அடிப்பாவி, நீ செத்துப்போய்ட்டேன்னு எங்கிட்ட சொல்லவே இல்லையே!" என்றான். அவனுக்கு அது வேடிக்கை. அடுத்த ஞாயிறு அவள் தலைவலி என்று சொல்லி அனுப்பினாள், அதற்கடுத்த ஞாயிறும். பிறகு அவன் வரவில்லை.

அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள், கிழங்கு நடுவதில் அந்தப் பக்கத்தில் யாரும் குறைசொல்ல முடியாத கையோடு. பாத்தியின் மேல்மண்ணை ஒரே ஆழத்துக்கு வாரி அந்தப் பக்கம் போடவேண்டும். அடிமண் மேசைபோல் சமமாக இருக்கவேண்டும். வரிசைக் கோட்டைக் கீறிவிட்டு, வைக்கோல் திணித்த சாக்கில் மண்டியிட்டு, பின்னோக்கி நகர்ந்தபடி, கிழங்கின் முளைமூக்கு மேல்நோக்க ஒவ்வொன்றாக உட்காரவைக்கவேண்டும். அழுத்தவும் கூடாது, உருளவும் விடக்கூடாது. அடுத்த பாத்திக்காக வாருகிற மண்தான் இந்தப் பாத்திக்கு மூடி. மார்ச்சில் முளை வரும்போது வரிசையைப் பார்த்தே யார் நட்டது என்று ஊர் சொல்லிவிடும். அவள் வரிசை நூல் பிடித்ததுபோல் இருக்கும். லைஸ்பெத் பாத்தியில்கூட. அந்தப் பாத்தியில்தான் அவள் அதிக கவனமாக இருந்தாள், வெறுப்பு கையில் தெரிந்துவிடுமோ என்று.

வெறுப்புதான் அது. அவள் யாரிடமும் சொன்னதில்லை. சில வருஷங்களில், அம்மா முதல் கிழங்கை வைத்துவிட்டு நடந்துபோகும் முதுகைப் பார்க்கும்போது, இந்தக் குளிர்காலம் எலும்பு உடைகிற மாதிரிப் பனி கொட்டட்டும், எல்லாம் உறைந்து அழுகட்டும் என்று நினைப்பாள். நினைத்துவிட்டு, டிசம்பரில் மற்ற பாத்திகளைவிட அதற்குத்தான் தடிமனாக நாணல் போர்த்துவாள்.

அப்பா போனபின் தோட்டம் வௌட்டர் கைக்கு வந்தது. அம்மாவுக்கு மூட்டு பிடித்துக்கொண்டது. தோட்டத்தைப் பார்த்த ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

லைஸ்பெத்துக்கு முப்பத்தெட்டு வயதாகிற வருஷம், மே தொடக்கத்தில், கிரைன் அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டார். கிரைன் நோய்தேடி. பூக்கும் பருவத்தில் தோட்டம் தோட்டமாகப் போய், வரிசைகளுக்கு இடையில் நடந்து, நோயுள்ள செடியைக் கிழங்கோடு பிடுங்கிப் பையில் போடுவது அவர் வேலை. வெயிலில் கறை கண்ணுக்குத் தெரியாது என்பதால், பளீரென்ற நாளில் பெரிய கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு அவர் நடப்பதைப் பார்த்தால் சாவு வீட்டுக்குப் போகிறவர்போல் இருக்கும்.

"உங்க அண்ணன் எங்க?"

"எரு ஏத்திட்டு இருக்கான் மாமா."

"நல்லது. இங்க வந்து குடைக்குள்ள நின்னு பாரு."

நிழலில் பார்த்தாள். கன்னத்து நிறம் உடைந்திருந்தது. அடியிலிருந்து இரத்தச் சிவப்பில் தீ நாக்குகள் மேலேறின. நடுவில் வெள்ளை வெடித்திருந்தது. ஒரு பூவில் இல்லை. கண் போன இடமெல்லாம்.

"போன வருஷம் நாலஞ்சுதானே எடுத்தீங்க?"

"போன வருஷம் எடுத்தது நான் பாத்தது. நான் பாக்காதது இந்த வருஷம் என்னைப் பாக்குது." பையைக் கீழே போட்டார். "ஒண்ணொண்ணாப் புடுங்கினா என் முதுகுதான் போகும். பாத்தியே போச்சு, லைஸ்பெத்."

"பாதியாவது?"

"பாதின்னு சொன்னா உன் மனசுக்காகச் சொல்றேன்னு அர்த்தம்."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், சாலையில், நகரத்திலிருந்து சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் மஞ்சளும் சிவப்புமாக விரிந்து கிடந்ததை விட்டுவிட்டு, எல்லாரும் இந்த ஒரு பாத்தியைத்தான் எடுத்தார்கள்.

"பாரு, சாகப்போறதுக்குத்தான் இந்த மினுக்கு," என்ற கிரைன், சொன்னபின் யாரிடம் சொன்னோம் என்று உறைத்துக் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

மதியம் அவள் காப்பி கொண்டுபோனபோது அம்மா ஜன்னல் கண்ணாடியில் நெற்றி படும்படி சாய்ந்திருந்தாள்.

"இந்த வருஷம் என்ன அழகா இருக்கா பாரு அவ. கன்னம் ரெண்டும் செவந்து."

"ஆமாம்மா."

"அன்னைக்கும் இப்படித்தான். காய்ச்சல் வந்து ரெண்டாம் நாள் சாயங்காலம். அவ்வளவு அழகா அவ என்னைக்குமே இருந்ததில்ல. சரியாயிடும்னு நெனச்சுட்டேன்."

லைஸ்பெத் கோப்பையை ஜன்னல் திண்டில் வைத்தாள். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி அம்மா பேசி அவள் கேட்டதேயில்லை. வெளியே பாத்தி காற்றில் ஒரே உடம்பாக அசைந்தது.

வௌட்டருக்கு விஷயம் சுருக்கமாக இருந்தது. "ஒரு பச்சைப்பூச்சி இங்க உறிஞ்சிட்டு அங்க போய் உக்காந்தா போதும். மொத்தத் தோட்டமும் காலி. இந்த இலையுதிர்காலம் அது மண்ணுக்குள்ள போகக்கூடாது, அவ்வளவுதான்."

"அம்மாகிட்ட யார் சொல்றது?"

"யாரும் சொல்ல வேணாம். பக்கத்து ஊர்ல ஒரு வகை இருக்கு, கிட்டத்தட்ட இதே நிறம். அத வாங்கி அங்க வெச்சுடுவோம். ஜன்னல்லேருந்து பாக்குறவளுக்கு என்ன தெரியும், லைஸ்? ஒண்ணு இருந்த இடத்துல இன்னொண்ண வெக்கறது இந்த வீட்டுக்குப் புதுசா என்ன?"

சொல்லி முடிக்குமுன் அவன் காது சிவந்தது.

"சொல்லிட்ட இல்ல," என்றாள் லைஸ்பெத். "இப்ப மூச்ச விடு."

ஜூன் கடைசியில் தோண்டினார்கள். அதற்குமுன், பூ இருந்தபோதே, கிரைன் பாத்திக்குள் திரும்பத் திரும்ப நடந்து, கறை விழாத சில செடிகளுக்கு மட்டும் தண்டில் வைக்கோல் கட்டிவிட்டுப் போயிருந்தார். அவற்றைத் தனியாக எடுத்து ஒரு சின்னத் தட்டில் போட்டு, கொட்டகையில் எல்லாவற்றுக்கும் மேல்தட்டில் வைத்தார். இரண்டு கையில் அள்ளினால் அடங்கிவிடும் அளவு.

"இத வடக்குப் பக்கம், எல்லாத்துக்கும் தூரமா வை," என்றார் அவளிடம். "பத்து வருஷத்துல மறுபடி ஒரு பாத்தி ஆயிடும். சத்தியம் எல்லாம் பண்ணமாட்டேன். என் கண்ணுக்குச் சுத்தம்."

"வௌட்டருக்குத் தெரியுமா?"

"முதலாளிக்கு எண்ணம் எல்லாம் புதுசா வாங்கப்போற லாரி மேல. இது உனக்கும் எனக்கும்தான்."

"இது வேணுமா மாமா?"

கிரைன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் அப்படிப் பார்ப்பது செடிகளைத்தான். "அத நீ சொல்லு. நான் நோய மட்டும் பாக்குறவன். நீ நோயப் பாக்குறியா, பேரப் பாக்குறியா?"

அந்தக் கேள்வி ஜூலையிலும் ஆகஸ்டிலும் அவளோடு கொட்டகையில் உட்கார்ந்திருந்தது. கிழங்கின் பழந்தோலை உரித்துக் கழிக்கும்போதும், சல்லடையில் பெரிதும் சிறிதுமாகப் பிரிக்கும்போதும், மேல்தட்டில் அந்தச் சின்னத் தட்டு இருப்பது நிமிராமலே தெரிந்தது. ஆள் நிற்கிற மாதிரி. சில வேளை உச்சந்தலையில் குறுகுறுத்தது. ஒருமுறை ஏணி போட்டு ஏறிப் பார்த்தாள். தவிட்டுநிறத் தோலுக்குள் அவை ஒன்றும் அறியாமல் கிடந்தன. நோயில்லாதவை. அவற்றைக் கொல்ல ஒரு காரணமும் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பாத்தி முழுதும் அழிவதற்குக் காரணம் இருந்தது, அதில் அவள் மனசு ஒளிந்துகொள்ளலாம். இந்த இரண்டு கையளவில் ஒளிய இடமில்லை.

அக்டோபர் முடியும்போது மற்ற நடவெல்லாம் முடிந்தது. வௌட்டர் வாங்கிவந்த கிழங்குகள் வாசலில் காத்திருந்தன. லைஸ்பெத் வகைத் தட்டுகளைக் காலிசெய்தாக வேண்டும். கிழங்கைப் புதைத்துத் தொலைக்க முடியாது. புதைத்தால் அது நடவு. எரிக்கவும் முடியாது, ஈரம் விடாது. பன்றிக்குத் தீனி வேகவைக்கும் கொப்பரையில் போட்டு அவிப்பதுதான் வழி. ஒரு காலைநேரம், வௌட்டர் வண்டியோடு வெளியே போயிருந்தபோது, அவள் அடுப்பு மூட்டினாள்.

தட்டுத் தட்டாகக் கவிழ்த்தாள். முதலில் மிதந்தன. தோல் கழன்று பழுப்பு நுரையாக மேலே சேர்ந்தது. உள்ளிருந்து வெள்ளையாக வந்தவை ஒவ்வொன்றாக மூழ்கின. மரத்துடுப்பால் கிளறினாள். கடைசித் தட்டும் முடிந்தபின் ஏணியைச் சாய்த்து மேலே ஏறினாள். அப்போதுகூட அவள் முடிவு செய்திருக்கவில்லை, அல்லது செய்துவிட்டதை அவளுக்கு அவளே சொல்லிக்கொள்ளவில்லை. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். கொப்பரை முன் நின்றாள். ஆவி முகத்தில் அடித்தது. தட்டு சாய்ந்தது. சத்தம் சின்னதாகத்தான் வந்தது, குழந்தை தண்ணீரில் கூழாங்கல் போட்டதுபோல.

துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதுவும் வடிவமாக மிஞ்சாதவரை கிளறினாள்.

அவிகிற கிழங்குக்கு ஒரு வாசனை உண்டு. மேலே அவித்த கொட்டைபோல் இனிப்பு, அடியில் கசப்பு. இரண்டாவது போரின் கடைசிப் பஞ்சக் குளிர்காலத்தை உயிரோடு தாண்டிய யாருக்கும் அந்த வாசனையைச் சொல்லித்தர வேண்டாம். ஊரே அதைத் தின்றுதான் பிழைத்தது. அந்த வருஷமும் லைஸ்பெத் பாத்தியை மட்டும் அம்மா தொடவிடவில்லை.

லைஸ்பெத் வீட்டுக்குள் வந்தபோது ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது.

"என்ன வேகுது?" என்று அம்மா கேட்டாள்.

"பன்னிக்கு உருளைக்கிழங்கும்மா."

அம்மா அவள் கைகளைப் பார்த்தாள். பழுப்புத் தோல் விரலிடுக்குகளில் ஒட்டியிருந்தது. லைஸ்பெத் கையை இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணிக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"ம். நல்லா வேகட்டும்," என்றாள் அம்மா. ஜன்னலைச் சாத்தச் சொல்லவில்லை.

கல்லறைத் திருநாளன்று மழை விட்டிருந்தது. அம்மாவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. கிழங்குப் பெட்டி தள்ளும் கைவண்டியில் மெத்தை போட்டு உட்காரவைத்து வௌட்டர் தள்ளினான். பாத்திக்கு மண் வார வந்திருந்த கிரைன் தொப்பியைத் தொட்டு, "அக்கா, இந்த வண்டில ஏறினா நேரா கிழங்கு ஏலத்துக்குத்தான் போகணும். ஏலம் விட்டுடட்டுமா?" என்றார்.

"உன்ன ஏத்தினா அங்கயே வேணாம்னு திருப்பி அனுப்பிடுவாங்க. வழிய விடு."

கல்லறையில் அம்மா வண்டியிலிருந்து இறங்கவில்லை. வௌட்டர் மெழுகுவர்த்தி ஏற்றினான். லைஸ்பெத் தன் பெயருக்கு முன்னால் நின்று வாய்க்குள் ஜெபம் சொன்னாள். அங்கிருந்து தோட்டத்துக்கு வந்தார்கள். பாத்தி வாரிச் சமன்செய்து தயாராக இருந்தது. ஈர மணல் கறுப்பாக மின்னியது. அம்மாவை இருபுறமும் பிடித்து இறக்கி, பாத்தியின் தலைமாட்டில் கவிழ்த்த பெட்டியில் உட்காரவைத்தார்கள். குனிந்தால் கை மண்ணைத் தொடும்.

லைஸ்பெத் கூடையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து நீட்டினாள். அம்மா கையுறையைக் கழற்றினாள்.

வாங்கியதும் அவள் கட்டைவிரல் தானாக ஓர் இடத்துக்குப் போயிற்று. லைஸ்பெத் வகைக்கு ஒரு பக்கத் தோள் கொஞ்சம் தூக்கியிருக்கும். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அந்த விரல் தேடியது. கிழங்கைத் திருப்பி மறுபடியும் தேடியது. பின் நின்றது.

லைஸ்பெத் தன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூவைப் பற்றியே யோசித்திருந்தார்கள், ஜன்னலைப் பற்றி, நிறத்தைப் பற்றி. நாற்பது வருஷம் கிழங்கு தொட்டவளின் கையில் கிழங்கைக் கொடுக்கப்போகிறோம் என்பதை மூன்று பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

"இதுக்கு என்ன பேரு?" என்றாள் அம்மா.

வௌட்டர் தொண்டையைச் செருமினான். "என்னம்மா இது, லைஸ்பெத்துதான்..."

"வௌட்டர். உன்னப் பெத்தவ நான். இதுக்கு என்ன பேருன்னு கேட்டேன்."

"...ஹில்தா. அப்படித்தான் சொன்னாங்க."

"யாரு வீட்டுப் பொண்ணு?"

"தெரியலம்மா. வாங்கினதுதான்."

"யாரு வீட்டுப் பொண்ணோ," என்றாள் அம்மா கிழங்கைப் பார்த்து. பிறகு முகத்தைத் தூக்கி லைஸ்பெத்தைப் பார்த்தாள். "அவ எங்க?"

"நோயும்மா. பாத்தி பூரா வந்துடுச்சு. இருந்தா தோட்டமே போயிடும்."

"அத நான் கேக்கல. அவ எங்க?"

"அவிச்சாச்சு."

"எல்லாமா?"

"எல்லாம்."

"கிரைன் வைக்கோல் கட்டி வெச்சானே. ஜன்னல்லேருந்து பாத்தேன். அது?"

கிரைன் மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். அந்தத் தட்டு இன்னும் மேலே இருக்கிறது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வௌட்டருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. இரண்டு பேரும் லைஸ்பெத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். நோய் என்று சொல்லலாம். அதிலும் வந்துவிட்டது என்று சொன்னால், கிரைன் மறுத்துப் பேசமாட்டார். வாயைத் திறந்தபோது அவள் அதைத்தான் சொல்லப்போனாள்.

"அதுவும்," என்றாள். "அதுல நோய் இல்ல."

"நீயா?"

"நான்தாம்மா."

கிரைன் தொப்பியைக் கழற்றினார். கழற்றியபின் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி மாட்டிக்கொண்டார். குன்றுகளின் பக்கமிருந்து காற்று வந்து வாய்க்கால் நீரைச் சுருக்கியது. அம்மா அழவில்லை, கத்தவில்லை. அவளுடைய கண் லைஸ்பெத்தின் முகத்தில் நெற்றி, கன்னம், வாய் என்று மெதுவாக நகர்ந்தது, புதிதாக வந்த ஊரில் ஒரு வீட்டைத் தேடுகிறவள்போல.

"அப்ப இனிமே நீ ஒருத்திதான்," என்றாள்.

லைஸ்பெத் மேற்கொண்டு ஏதாவது வரும் என்று நின்றாள். அம்மா கிழங்கை அவளிடம் நீட்டினாள்.

"நீ வை."

"நீங்கதானேம்மா முதல்ல..."

"நீ வை."

வாங்கும்போது விரல் பட்டது. அம்மாவின் கை சில்லென்று இருந்தது. லைஸ்பெத் சாக்கைப் போட்டு மண்டியிட்டு, முதல் வரிசையின் ஓரத்தில் அந்தக் கிழங்கை மூக்கு மேல்நோக்க உட்காரவைத்தாள். அடுத்ததை வைத்தாள். அதற்கடுத்ததை.

"அம்மா, காத்து சரியில்ல. வண்டில ஏறுங்க, வீட்டுக்குப் போலாம்," என்றான் வௌட்டர்.

"முடியட்டும்."

"இருட்டிடும்மா இது முடிய."

"முடியட்டும்னு சொன்னேன்."

முதல் கிழங்கோடு எழுந்து போகிறவள் அன்று போகவில்லை. லைஸ்பெத் பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து வரிசை போட்டாள். வாழ்நாள் முழுதும் அவள் வேண்டியது அந்தப் பார்வையைத்தான், தன்னைத் தாண்டி இன்னொருத்தியிடம் போகாத பார்வையை. இப்போது அது அவள் உச்சந்தலையில் இருந்தது, கழுத்தில் இருந்தது, கையில் இருந்தது. போக அதற்கு வேறு இடமில்லை. தலையை நிமிர்த்தினால் அம்மாவின் கண்ணைப் பார்த்துவிடலாம். அதில் இருப்பது என்ன என்று ஒரே நொடியில் தெரிந்துவிடும்.

அவள் நிமிரவில்லை. கூடை காலியானதும் இன்னொரு கூடை கேட்டாள். கிரைன் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, நட்டு முடித்த பக்கத்திலிருந்து மண்ணை வாரி மூட ஆரம்பித்தார்.